கடனை அடைத்துவிட்டால் சூதாட்டம் நின்றுவிடுமா? வீட்டில் ஒருவர் சிக்கிக்கொண்டால் குடும்பம் செய்ய வேண்டியது என்ன?

ராத்திரி 2 மணி. பாத்ரூமில் லைட் எரிகிறது. உள்ளே போன அண்ணன் முக்கால் மணி நேரமாக வெளியே வரவில்லை. கேட்டால், "வயிறு சரியில்ல" என்கிறார்.

சில வாரம் கழித்து, வேலைக்குப் போயிருக்கும் தங்கைக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன். "உங்க அண்ணன் உங்க நம்பரைத்தான் ரெஃபரன்ஸா குடுத்திருக்காரு. மூணு ஈஎம்ஐ பாக்கி." வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தால், அம்மாவின் செயின் இருந்த டப்பாவில் அடகுக் கடை ரசீது.

ஊர் மாறலாம், தொகை மாறலாம். ஆனால் ஆன்லைன் சூதாட்டம் நுழைந்த பல வீடுகளில் விஷயம் வெளியே வருவது ஏறக்குறைய இப்படித்தான். அதற்குப் பிறகு நடப்பதும் ஒரே மாதிரி. அழுகை, திட்டு, சாமி படத்துக்கு முன்னால் சத்தியம். அப்பா பி.எஃப் பணத்தை எடுத்து மொத்தக் கடனையும் அடைக்கிறார். "இதோட முடிஞ்சுது, இனிமே தொடமாட்டேன்" என்கிறார் அண்ணன். சொல்லும்போது உண்மையாகவே அப்படித்தான் நினைக்கிறார். சில மாதத்தில் மறுபடியும் பாத்ரூமில் லைட்.

பாசத்தால்தான் அப்பா பணம் கொடுத்தார். பிறகு ஏன் நிற்கவில்லை? இப்படி ஒரு நிலைமையில் குடும்பம் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது? பார்க்கலாம்.

இது கெட்ட பழக்கமா, நோயா?

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11, சூதாட்டக் கோளாறை அடிமைத்தன நோய்களின் வரிசையில் வைத்திருக்கிறது. இந்தப் பட்டியல் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கமும் 2013-ல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேட்டில், இதை மது, போதைப்பொருள் அடிமைத்தனம் உள்ள அதே அத்தியாயத்துக்கு மாற்றியது.

ஏன் அப்படி? தொடர்ந்து தோற்கும் ஆட்டத்தை யாரும் நிறுத்திவிடுவார்கள். எப்போது ஜெயிப்போம் என்று தெரியாமல் நடுநடுவே ஜெயிக்கும் ஆட்டத்தை விடுவதுதான் கஷ்டம். எதிர்பாராத நேரத்தில் கிடைக்கும் பரிசு அந்தப் பழக்கத்தை ஆழமாகப் பதிய வைக்கும். கூடவே, ஒரே ஒரு சீட்டில் தோற்பது, ஒரே ஒரு ரன்னில் பந்தயம் போவது போன்ற 'ஜஸ்ட் மிஸ்' தோல்விகள் இருக்கின்றன. தோற்றது தோற்றதுதான் என்றாலும், ஜெயிப்பதற்குப் பக்கத்தில் வந்துவிட்டோம் என்று மனசு கணக்குப் போடுகிறது.

அடுத்த கட்டம்தான் ஆபத்தானது. விட்டதைப் பிடிக்க ஆடுவது. 10,000 ரூபாய் போனதும், அந்த 10,000-ஐ மீட்க இன்னொரு 20,000. இங்கே வந்த பிறகு ஆட்டத்தில் சந்தோஷம் என்று பெரிதாக எதுவும் இருக்காது. கடனிலிருந்து தப்பிக்க இது ஒன்றுதான் வழி என்று அவருக்குத் தோன்றும்.

டிஎஸ்எம்-5 மொத்தம் ஒன்பது அறிகுறிகளைச் சொல்கிறது. 12 மாதத்துக்குள் அதில் நான்கு இருந்தாலே மருத்துவர்கள் இதைச் சூதாட்டக் கோளாறு என்று பார்ப்பார்கள். விட்டதைப் பிடிக்க ஆடுவது, எவ்வளவு ஆடுகிறோம் என்பதை மறைக்கப் பொய் சொல்வது, நிறுத்த முயன்று திரும்பத் திரும்பத் தோற்பது ஆகியவை அந்தப் பட்டியலில் உண்டு. கடைசியாக ஒன்று இருக்கிறது: சூதாட்டத்தால் வந்த பண நெருக்கடியிலிருந்து மீள மற்றவர்களின் பணத்தை நம்பியிருப்பது.

அதாவது, அப்பா பணம் கொடுத்துக் காப்பாற்றியதாக நினைத்த அந்த நிகழ்வே அறிகுறிப் பட்டியலில் இருக்கிறது.

"அதான் தடை பண்ணிட்டாங்களே, இன்னுமா?"

தமிழ்நாட்டுக்கு இந்தப் போராட்டம் புதிதல்ல. லாட்டரிச் சீட்டு விற்பனை 2003-ல் தடை செய்யப்பட்டது. 2020 நவம்பரில் ஆன்லைன் ரம்மிக்கு எதிராக அவசரச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து வந்த சட்டத்தை 2021 ஆகஸ்ட்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கை, 2022-ல் புதிய மசோதா, ஆளுநர் அதைத் திருப்பி அனுப்பியது, சட்டமன்றத்தில் மீண்டும் நிறைவேற்றியது, 2023 ஏப்ரலில் ஒப்புதல் என்று நீண்டது கதை. 2023 நவம்பரில் அந்தச் சட்டம் செல்லும் என்று கூறிய உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்பதால் அவற்றுக்கு அந்தத் தடை பொருந்தாது என்றது.

2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றமே ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற வாதத்துக்கு இடமில்லாமல், பணம் கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும் நடத்துவது, விளம்பரப்படுத்துவது, அதற்கான பணப் பரிமாற்றம் ஆகியவற்றைத் தடை செய்யும் சட்டம் அது. நடத்துபவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். இந்த மத்தியச் சட்டம் ஆடுபவரைத் தண்டிப்பதில்லை. ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்ததும், பெரிய ரம்மி, ஃபேன்டஸி செயலிகள் பணம் கட்டும் ஆட்டங்களை நிறுத்தின.

கடையை மூடினார்கள், சரி. வாடிக்கையாளரின் மனசு? வெளிநாட்டு பெட்டிங் தளங்கள், டெலிகிராம் குழுக்கள், ஊருக்குள்ளேயே ரகசியமாக ஓடும் மூணு நம்பர் லாட்டரி, கிளப்பில் காசு வைத்து ஆடும் சீட்டு என்று வேறு கதவுகள் இருக்கின்றன. சிலர் 'டிரேடிங்' பக்கம் போகிறார்கள். முதலீடு வேறு, சூதாட்டம் வேறு. ஆனால் காலையில் விட்டதை மதியத்துக்குள் பிடிக்கக் கடன் வாங்கி ஆப்ஷன் வாங்குபவர் எதைச் செய்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், எஃப் அண்ட் ஓ வர்த்தகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

குடித்தால் வாசம் வரும். இதற்கு அதுகூடக் கிடையாது. வீட்டில் கவனிக்க வேண்டியவை:

• சம்பளம் வந்த இரண்டு மூன்று நாளிலேயே கையில் காசில்லை. காரணம் ஒவ்வொரு முறையும் வேறு.
• போனைக் கவிழ்த்து வைப்பது, பாஸ்வேர்டை அடிக்கடி மாற்றுவது, நள்ளிரவில் தனியாகப் போனோடு இருப்பது.
• நண்பர்களிடம், ஆபீஸில், சொந்தக்காரர்களிடம் சின்னச் சின்னக் கைமாத்து. ஒருவருக்குத் திருப்பிக் கொடுக்க இன்னொருவரிடம் வாங்குவது.
• நகை, பைக் ஆர்.சி. புக், வீட்டுப் பத்திரம் இருந்த இடத்தில் இல்லாதது.
• தெரியாத நம்பர்களிலிருந்து போன்கள், கடன் செயலிகளின் மெசேஜ்கள்.
• காரணமில்லாத கோபம். திடீரென்று ஒருநாள் காரணமில்லாத தாராளம்.

இதில் ஒன்றிரண்டு மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். எல்லாம் சேர்ந்து வந்தால் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

முதலில் உயிர், பிறகுதான் கணக்கு

மாட்டிக்கொண்ட அந்த நாள்தான் சூதாடியவருக்கு மிகவும் ஆபத்தான நாள். கடன், அவமானம், "எல்லாரையும் கெடுத்துட்டேன்" என்ற எண்ணம் மூன்றும் ஒரே நேரத்தில் இடிக்கும். தமிழ்நாட்டில் ஆன்லைன் ரம்மிக்கு எதிரான சட்டம் வந்ததற்கே தொடர் தற்கொலைகள்தான் முக்கியக் காரணம்.

அதனால் "நீயெல்லாம் இருக்கிறதுக்கு..." என்று தொடங்கும் எந்த வார்த்தையும் அன்றைக்கு வாயில் வரக் கூடாது. கோபம் நியாயமானதுதான். அதைக் காட்ட வேறு நாள் கிடைக்கும்.

சந்தேகம் இருந்தால் நேரடியாகவே கேளுங்கள்: "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை; கேட்பது அவருக்குப் பேச ஒரு வழி திறக்கும். "ஆமாம்" என்று பதில் வந்தால் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரைகளை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

டெலிமானஸ் உதவி எண் 14416. தமிழிலேயே பேசலாம், 24 மணி நேரமும் இயங்கும். தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். சென்னை சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண்: 044-24640050.

பேச்சை எப்படித் தொடங்குவது?

அவர் ஆடிக்கொண்டிருக்கும்போதோ, தோற்று வந்த உடனேயோ வேண்டாம். மாமா, சித்தப்பா எல்லாரையும் கூட்டி நடுக்கூடத்தில் பஞ்சாயத்து வைக்கவும் வேண்டாம். அவர் யாருக்குக் கொஞ்சமாவது காது கொடுப்பாரோ, அந்த ஒருவர் தனியாகப் பேசினால் போதும். குற்றச்சாட்டாக இல்லாமல், கண்ணால் பார்த்ததிலிருந்து ஆரம்பிக்கலாம்.

"அண்ணா, லோன் விஷயமா எனக்கு ஒரு கால் வந்துச்சு. அம்மா செயின் அடகுல இருக்குன்னும் தெரியும். திட்டறதுக்காகக் கேக்கல. மொத்தம் எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தான் என்ன பண்றதுன்னு சேர்ந்து யோசிக்க முடியும்."

முதல் பதில் பெரும்பாலும் பொய்யாகவோ பாதி உண்மையாகவோ இருக்கும். 8 லட்சம் கடன் இருந்தால் 2 லட்சம் என்பார். உங்களை ஏமாற்ற வேண்டும் என்பதைவிட, முழுத் தொகையைச் சொல்ல அவருக்கே பயம். மிரட்டினால் அந்தப் பாதியும் வராது. "இன்னும் ஏதாவது இருந்தா நாளைக்குச் சொல்லு, பரவால்ல" என்று ஒரு கதவைத் திறந்து வையுங்கள்.

சத்தியம் வாங்குவதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். அம்மா தலையில் அடித்துச் செய்த சத்தியத்தை மீறிவிட்டால், அடுத்த முறை ஆடியதை இன்னும் ஆழமாக மறைப்பார். அதற்குப் பதில் நடக்கக்கூடிய ஒன்றைக் கேளுங்கள்: "வர்ற வாரம் டாக்டர்கிட்ட போலாம், நான் கூட வரேன்."

கடனை அடைக்கலாமா?

குடும்பங்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. மொத்தத்தையும் ஒரே நாளில் அடைப்பது, அதுவும் பணத்தை அவர் கையிலேயே கொடுப்பது, பெரும்பாலும் நிலைமையை மோசமாக்கும். ஒன்று, அந்தப் பணம் கடன்காரரிடம் போவதற்கு முன் ஆட்டத்துக்குப் போகலாம். "இதை டபுள் பண்ணினா நகையையும் மீட்டுடலாம்" என்று தோன்ற ஒரு ராத்திரி போதும். இரண்டு, கடன் அடைந்ததும் எல்லாக் கடன் செயலிகளிலும் புதிதாக வாங்கும் தகுதி திரும்ப வந்துவிடும். மூன்று, எவ்வளவு விழுந்தாலும் வீடு தூக்கிவிடும் என்ற நம்பிக்கை மனசில் பதிந்துவிடும்.

அதற்காக அவரைக் கடன்காரர்களிடம் விட்டுவிட்டு ஒதுங்கச் சொல்லவில்லை. செய்யும் விதம்தான் மாற வேண்டும்.

முதலில் ஒரு நோட்டில் முழுப் பட்டியல். யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி. ஞாபகத்தை மட்டும் நம்ப வேண்டாம். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கடன் அறிக்கை தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அவரையே பக்கத்தில் உட்காரவைத்து எடுத்துப் பாருங்கள். வங்கிக் கடன், கிரெடிட் கார்டு, முறையான கடன் செயலிகள் எல்லாம் அதில் தெரியும். கைமாத்து, அடகுக் கடை, வட்டிக்காரர் கணக்கை அவர்தான் சொல்ல வேண்டும்.

பிறகு வங்கியிடம் பேசி ஈஎம்ஐ-யைக் குறைக்கவோ தவணையை நீட்டிக்கவோ கேட்கலாம். முடிந்தவரை அவருடைய சம்பளத்திலிருந்தே மாதாமாதம் அடைப்பது நல்லது. நகையை மீட்பது போல அவசியமான ஒன்றுக்குக் குடும்பம் பணம் போட்டால், நேராகக் கடைக்கே போய்க் கட்டி ரசீது வாங்குங்கள். அவருடைய புதுக் கடனுக்கு யாரும் ஜாமீன் கையெழுத்து போட வேண்டாம்.

காசுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு தடுப்பு

ஆட வேண்டும் என்ற உந்துதல் அலை மாதிரி. ஏறும், கொஞ்ச நேரத்தில் இறங்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில் கையில் பணம் இல்லாமல் பார்த்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. இதையெல்லாம் அவருடைய சம்மதத்தோடு, ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு என்று பேசிச் செய்ய வேண்டும்.

• சம்பளம் வந்ததும் வாடகை, ஈஎம்ஐ, வீட்டுச் செலவு தானாகவே வேறு கணக்குக்குப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்யலாம்.
• யுபிஐ-யில் தினசரி வரம்பைக் குறைக்கலாம். 2024-ல் அறிமுகமான 'யுபிஐ சர்க்கிள்' வசதியில் அவர் உங்கள் கணக்கிலிருந்து பணம் செலுத்தலாம். ஒவ்வொரு முறையும் உங்கள் ஒப்புதல் வேண்டும் என்று அமைக்க முடியும். டீக்கடைக்கும் பெட்ரோலுக்கும் அது போதும்.
• கிரெடிட் கார்டை ஒப்படைத்துவிடுவது அல்லது வரம்பைக் குறைப்பது.
• நகை, பத்திரம் வங்கி லாக்கருக்கு. அப்பா, அம்மாவின் ஏடிஎம் பின் நம்பரும் யுபிஐ பின்னும் இன்றே மாற வேண்டும். அவர்களுடைய ஓடிபி யார் போனுக்குப் போகிறது என்றும் பாருங்கள்.
• சூதாட்டத் தளங்களை முடக்கும் பெட்பிளாக்கர் போன்ற இலவசச் செயலியைப் போனில் போடலாம். பெட்டிங் டெலிகிராம் குழுக்களிலிருந்து வெளியேறச் சொல்லுங்கள்.

போனையே பிடுங்கி வைப்பது பெரும்பாலும் பலிக்காது. இன்னொரு போன் வாங்க அதிக நேரம் ஆகாது.

கடன் செயலி மிரட்டினால்?

கடன் வசூலிப்பவர்கள் காலை 8 மணிக்கு முன்போ, இரவு 7 மணிக்குப் பிறகோ போன் செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் உத்தரவிட்டது. போனில் உள்ள தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் கடன் செயலிகள் எடுக்கக் கூடாது என்பதும் விதி. எல்லாருக்கும் போட்டோ அனுப்புவோம் என்று மிரட்டினால், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு 1930 சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். பயந்து இன்னொரு செயலியில் கடன் வாங்கி இதைக் கட்டினால் சுழல் பெரிதாகும்.

ஒருவர் தன் பெயரில் வாங்கிய தனிநபர் கடனுக்கு, ஜாமீன் போடாத தங்கையோ மனைவியோ பொறுப்பாக மாட்டார்கள். ரெஃபரன்ஸ் நம்பராக இருப்பது ஜாமீன் ஆகாது. ஊர் வட்டிக்காரர் அநியாய வட்டி கேட்டால், 2003-ம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டத்தில் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

சிகிச்சை எங்கே கிடைக்கும்?

திருக்குறளில் சூது 94-வது அதிகாரம். அதற்கு முந்தைய அதிகாரம் கள்ளுண்ணாமை, அடுத்த அதிகாரம் மருந்து. மதுவுக்குப் பக்கத்தில் சூதை வைத்துப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. மது அடிமைத்தனத்துக்கு மருத்துவரிடம் போகும் நாம், சூதுக்கு மட்டும் ஜோசியரிடமும் பரிகாரத்திடமும் போவதுதான் சிக்கல்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலும் பார்க்கலாம். பெங்களூரு நிம்ஹான்ஸில் தொழில்நுட்ப அடிமைத்தனத்துக்கென்றே ஷட் கிளினிக் என்ற தனிப் பிரிவு இயங்குகிறது.

முக்கியமான சிகிச்சை பேச்சுதான். சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில், "அடுத்த ஆட்டம் கண்டிப்பா ஜெயிப்பேன்" போன்ற நம்பிக்கைகளை எடுத்துச் சோதித்துப் பார்ப்பார்கள். எந்த நேரத்தில், எந்த மனநிலையில் கை போனுக்குப் போகிறது என்று கண்டுபிடித்து மாற்று வழி பழக்குவார்கள். மனச்சோர்வு, பதற்றம், குடி கூடவே இருந்தால் அதற்கும் மருந்து தேவைப்படலாம். முதல் சந்திப்புக்கு அவர் வர மறுத்தால், நீங்கள் மட்டும் போய் ஆலோசனை கேட்கலாம்.

மறுபடியும் ஆடிவிட்டால்?

நடக்கலாம். மது, புகை போல இதிலும் சறுக்கல் சகஜம். "அவ்வளவுதான், திருந்தவே மாட்டான்" என்று கைகழுவவும் வேண்டாம், சத்தமில்லாமல் இன்னொரு முறை கடனை அடைக்கவும் வேண்டாம். தடுப்பில் எங்கே ஓட்டை விழுந்தது என்று பாருங்கள். போனஸ் வந்த நாளா? ஐபிஎல் சீசனா? வீட்டில் சண்டை நடந்த ராத்திரியா? அந்த ஓட்டையை அடைத்துவிட்டு சிகிச்சையைத் தொடர வேண்டும். தானாக வந்து "ஆடிட்டேன்" என்று சொன்னால், அதுவே முன்னேற்றம். அந்த உண்மைக்குத் தண்டனை கொடுத்தால் அடுத்த முறை சொல்ல மாட்டார்.

உங்களை யார் பார்ப்பது?

ஒருவர் ஆட, மொத்த வீடும் தூக்கம் இழக்கும். யாரிடமும் சொல்ல முடியாத ரகசியமாக இதைச் சுமப்பவர் பெரும்பாலும் மனைவியோ, அம்மாவோ, சம்பாதிக்கும் இளைய பிள்ளையோதான். நம்பும் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். 14416 உங்களுக்கும்தான்.

உங்கள் சம்பளம், உங்கள் சேமிப்பு, குழந்தையின் ஃபீஸ் ஆகியவற்றைத் தனியாக வைப்பது சுயநலம் இல்லை. மனைவியின் நகையைப் பறிப்பது, வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் தவிக்க விடுவது ஆகியவை 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி பொருளாதார வன்முறை. அடி, மிரட்டல் என்று போனால் 181 மகளிர் உதவி எண்ணை அழைக்கத் தயங்க வேண்டாம்.

அந்தத் தங்கையிடம் அண்ணன் மறுபடி வந்து, "கடைசியா ஒரே ஒரு தடவை, 50,000 மட்டும் குடு" என்று கேட்கலாம். அப்போது அவர் சொல்ல வேண்டியது கடினமான பதில்தான்: "பணம் தர மாட்டேன்ணா. ஆனா நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு லீவு போட்டுட்டு உன்கூட வரேன்." அண்ணன் கோபப்படுவார், இரண்டு நாள் பேசாமல்கூட இருப்பார். அப்போதும் சாப்பிடக் கூப்பிடுவதை வீடு நிறுத்தக் கூடாது.